புது கேம்ஷாஃப்டும் விலை உசந்த ஆயிலும் – ஒரு பேங்க்காரனின் புலம்பல்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நாக்பூரில் நம்ம ஊர்க் குடும்பங்கள் நாலைந்து ஒரு வீட்டில் கூடினோம். இட்லி, வடகறி, ஃபில்டர் காபி எல்லாம் முடிந்து மொட்டை மாடியில் உட்கார்ந்தபோது பேச்சு வழக்கம்போல என் அம்பாசடர் பக்கம் திரும்பியது. ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் எல்லோர் முன்னாலும் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"தம்பி, அந்த இன்ஜின் நானூறு கிலோமீட்டர்ல போச்சுன்னா நீங்க சீப்பான ஆயில் ஊத்தியிருப்பீங்க. எதுல வேணா காசு பாக்கலாம், ஆயில்ல மட்டும் பாக்கக் கூடாது. இருக்கிறதுலயே லேட்டஸ்ட், இருக்கிறதுலயே விலை கூடுனது, அதான் வண்டிக்கு நல்லது."

சுற்றி இருந்த அத்தனை தலையும் ஆமாம் என்று ஆடியது. எனக்குக் காபி தொண்டையில் நின்றது. மக்களே, நடந்தது அப்படியே உல்டா. அந்த இன்ஜினை நான் கொன்றதே கடையில் இருந்ததிலேயே விலை கூடின, லேட்டஸ்ட் ஆயிலை ஊற்றித்தான். மாடியில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வாக்குமூலம். அடியேன் படித்தது பி.காம். இன்ஜினியர் இல்லை. ஆனால் சொந்தக் காசில் கற்ற பாடம் பட்டப்படிப்பை விட நன்றாக மனதில் நிற்கும்.

வண்டி அப்பாவுடையது. கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். 1986ல் வாங்கிய மார்க் 4 பெட்ரோல் வண்டி. என் அக்கா கல்யாணத்துக்குப் பெண்ணழைப்பு இந்த வண்டியில்தான். 2019ல் "நான் இனிமே ஓட்ட மாட்டேன், நீ எடுத்துட்டுப் போ" என்று சாவியைக் கொடுத்தார். என்.ஓ.சி. வாங்கி, ஹைதராபாத் வழியாக இங்கே ஓட்டி வந்து, மகாராஷ்டிரா நம்பர் போட்டேன். 2022ல் இன்ஜின் புகை தள்ள ஆரம்பித்தது. இறக்கி ரீபோர் செய்து, புது பிஸ்டன், புது கேம்ஷாஃப்ட், புது டாப்பெட் போட்டோம். இந்த வண்டியின் தயாரிப்பு உத்தரபாரா தொழிற்சாலையில் 2014 மே மாதமே நின்றுவிட்டது. கேம்ஷாஃப்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்கத்தாவில் இருக்கும் பேங்க் நண்பர் மல்லிக் பஜாரில் அலைந்து வாங்கி அனுப்பினார். எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய்.

அப்பா போனில் கேட்டார். "ஆயில் என்னடா போடப் போறே?"

"ஃபுல் சிந்தடிக்ப்பா. 5டபிள்யூ-30. புது கிரேடு."

"நம்ம வண்டிக்கு அது எதுக்குடா?"

"காலம் மாறிடுச்சுப்பா. நீங்க விடுங்க."

இதை எழுதும்போது இன்னமும் கூச்சமாக இருக்கிறது.

ஸ்டார்ட் பண்ணும் நாள். உஸ்தாத் (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம், எழுபதைத் தொட்ட மனிதர்) சாவியைத் திருப்பினார். பெட்ரோல் ஏறவில்லை, டைமிங் சரியில்லை என்று இரண்டு மூன்று நிமிஷம் விட்டு விட்டுச் சுற்றிய பிறகு இன்ஜின் உயிர் பெற்றது. ஐடிலில் மெதுவாக ஓடியது. நான் கற்பூரம் ஏற்றினேன். எலுமிச்சம்பழம் வைத்தோம். பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் அந்தத் 'தக் தக்' சத்தத்தை ரசித்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றோம். "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் ஆராம் ஸே ஓட்டுங்க சாப்" என்றார் உஸ்தாத். ஆராமாகத்தான் ஓட்டினேன்.

முன்னூறு கிலோமீட்டரில் டிக் டிக் என்று ஒரு சத்தம். டாப்பெட் அட்ஜஸ்ட் செய்தோம். ஐம்பது கிலோமீட்டரில் திரும்பவும் அதே சத்தம். மறுபடி அட்ஜஸ்ட். நானூறில் ஒரு சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி டாப்பெட்டை வெளியே எடுத்தால், அடிப்பாகம் குழிந்த கிண்ணம் மாதிரி இருந்தது. கேம்ஷாஃப்டில் முட்டை மாதிரி இருக்க வேண்டிய மேடு, மூக்கு தேய்ந்து உருண்டையாகிவிட்டது. தேய்ந்த இரும்புத் தூள் ஆயிலோடு கலந்து பேரிங் வரை போயிருந்தது. மறுபடி முழு இன்ஜினையும் இறக்க வேண்டியதாயிற்று. இன்னொரு 38,000.

காசு போகட்டும். 2023 பொங்கலுக்கு அப்பா ரயிலேறி வந்தார், அவருக்கு அப்போது 78 வயது. தன் வண்டியில் ராம்டெக் மலைக்கோயில் போய் வர வேண்டும் என்று ஆசை. வண்டி ஒர்க்ஷாப்பில் செங்கல் மேல் நின்றது. டாக்ஸியில்தான் ராம்டெக் போனோம். வழி முழுக்க ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எங்கள் பேங்க் பாஷையில் 'குவிக் மார்ட்டாலிட்டி' என்று ஒன்று உண்டு. கொடுத்த கடன் பன்னிரண்டு மாதத்துக்குள் வாராக்கடன் ஆனால் அதற்கு இந்தப் பெயர். பத்து வருஷம் கழித்துக் கெட்டால் சந்தை சரியில்லை, மழை பொய்த்தது என்று சொல்லலாம். முதல் வருஷமே கெட்டால் கேள்வி கடன் வாங்கியவனை நோக்கி மட்டும் வராது. எப்படிப் பார்த்துக் கொடுத்தாய் என்று கொடுத்தவனை நோக்கியும் வரும். புது கேம்ஷாஃப்ட் நானூறு கிலோமீட்டரில் போவதும் அதுதான். அதில் கிலோமீட்டருக்கு வேலையே இல்லை. சாவு முதல் கால் மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. சத்தம் கேட்கத்தான் நானூறு கிலோமீட்டர் ஆனது.

ஏன் என்று சொல்கிறேன். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பி.எம்.சி. இன்ஜினில் கேம்ஷாஃப்டின் எட்டு மேடுகளும் எட்டு டாப்பெட்டின் அடியில் நேரடியாக உரசி, அவற்றைத் தள்ளுகின்றன. இடையில் உருளை எதுவும் கிடையாது. பிரீமியர் பத்மினியும் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டும் இதே சாதிதான். வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் ஒரு மெல்லிய கோட்டளவு இடத்தில் விழுகிறது. ஓடும்போது டாப்பெட் தன்னைத்தானே மெதுவாகச் சுற்றிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. புதிதாக இருக்கும்போது இரண்டு இரும்பும் ஒன்றுக்கொன்று பழகவில்லை. அந்தப் பழக்கம் ஏற்படுவது முதல் இருபது நிமிஷத்தில்தான்.

அந்த நேரத்தில் கேமுக்கு ஆயில் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கீழே சுற்றும் கிராங்க்ஷாஃப்ட் வாரி இறைப்பதுதான். ஐடிலில் அது மெதுவாகச் சுற்றும், இறைப்பு குறைவு. போதாததற்கு மெதுவாகச் சுற்றும்போதுதான் மேட்டின் மூக்கில் ஸ்பிரிங்கின் பாரம் அதிகம். வேகம் ஏறினால் அது கொஞ்சம் குறையும். ஆக, நான் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரம் புது கேமுக்கு நரகம். பூஜை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியைத் திருப்புவதற்கு முன்னால் செய்யுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது :-)

"புது இன்ஜினை மெதுவாகத்தான் ஓட்டணும்" என்ற வேதவாக்கு எங்கிருந்து வந்தது? பிஸ்டன் ரிங்குக்குச் சொன்ன விஷயத்தை கேமுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். ரிங் படிவது வண்டி ரோட்டில் ஓடும்போது, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும்போது. கேம் படிவது அதற்கும் முன்னால், நின்ற இடத்திலேயே. இரண்டையும் ஒரே பானையில் போட்டுச் சமைத்துவிட்டு, கேம் போனதும் "மெட்டீரியல் சரியில்லை சாப்" என்றால் எப்படி?

இப்போது அண்ணாச்சியின் ஆயிலுக்கு வருகிறேன்.

இரும்போடு இரும்பு உரசும் இடத்தைக் காப்பாற்ற 1940களிலிருந்து ஆயிலில் ஒரு சரக்கு சேர்க்கிறார்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்தது. இசட்.டி.டி.பி. என்று பெயர், மெக்கானிக் பாஷையில் 'ஜிங்க்'. சூடும் அழுத்தமும் சேரும் இடத்தில் அது உடைந்து, இரும்பின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய படலம் போடும். அதன் பிறகு உரசல் படலத்தோடு, இரும்போடு இல்லை.

பிறகு கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. நம் நாட்டில் 1995ல் நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து பாஸ்பரஸ் சைலன்ஸர் வழியாகப் போனால் கன்வர்ட்டரின் உள்ளே படிந்து அதை முடக்கிவிடும். அதனால் அமெரிக்கத் தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் பாஸ்பரஸைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் 0.12 சதவீதம் வரை இருந்தது, 1996 வாக்கில் 0.10, 2004ல் ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம் வந்தபோது 0.08 என்று உச்சவரம்பு. 2010ல் வந்த எஸ்.என்., 2020ல் வந்த எஸ்.பி. எல்லாம் அதே வழிதான். 2025ல் எஸ்.கியூ.வும் வந்துவிட்டது.

இது தப்பில்லை. சரியான முடிவு. நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்காகச் செய்தது. புது கார்களின் கேமில் உருளை வைத்த ஃபாலோவர்கள், நல்ல பூச்சு, மென்மையான ஸ்பிரிங் எல்லாம் இருப்பதால் குறைந்த ஜிங்க்கே அவற்றுக்குப் போதும். ஆனால் கன்வர்ட்டரே இல்லாத 1986 வண்டிக்கு, அதுவும் புத்தம் புது கேமுக்கு, அந்தக் குறைந்த ஜிங்க் ஆயிலை ஊற்றிவிட்டு "லேட்டஸ்ட்" என்று மார் தட்டினால்? நான் தட்டினேன்.

"புது தரம் பழைய தரத்தையும் உள்ளடக்கியதுதானே, டின்னிலேயே சொல்கிறார்களே?" என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. ஓடிப் பழகின, ஏற்கனவே படலம் படிந்த இன்ஜினில் பல சமயம் அது சமாளித்துவிடும். புது கேமின் முதல் இருபது நிமிஷம் வேறு கதை. பத்து வருஷம் ஒழுங்காகக் கட்டிய கஸ்டமரையும் நேற்று கணக்குத் திறந்தவரையும் நான் ஒரே மாதிரி பார்ப்பேனா?

இன்னொன்று. 0.08 உச்சவரம்பு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களுக்குத்தான். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கனமான ரகங்களுக்கு அதே எஸ்.என். எழுத்து இருந்தாலும் அந்த வரம்பு பொருந்தாது. அதனால் டின்னின் முன்பக்கத்தில் மினுங்கும் எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். கம்பெனியின் டேட்டா ஷீட்டைத் தேடிப் படியுங்கள். பாஸ்பரஸ், ஜிங்க் அளவு போட்டிருக்கும். போடாவிட்டால் கம்பெனிக்குப் போன் செய்து கேளுங்கள். உரசும் டாப்பெட் வண்டிக்குச் சுமார் 0.10 முதல் 0.12 சதவீதம் பாஸ்பரஸ் இருந்தால் நிம்மதி. கடன் கேட்டு வருபவரின் பேலன்ஸ் ஷீட்டைப் படிக்காமல் அவர் கோட்டைப் பார்த்துக் கடன் கொடுக்கிற மேனேஜரை என்ன சொல்வோம்? ஆயில் வாங்கும்போது மட்டும் நாம் எல்லோரும் அந்த மேனேஜர்தான்.

இரண்டாவது தடவை நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. புது கேமுக்குப் புது டாப்பெட். தேய்ந்த டாப்பெட்டைப் புது கேமில் போடவே கூடாது. பழைய கேமையே திரும்பப் போட்டால், ஒவ்வொரு டாப்பெட்டும் தான் இருந்த இடத்துக்கே போக வேண்டும்.

2. மேடுகளிலும் டாப்பெட் அடியிலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த அசெம்பிளி பேஸ்ட். சாதாரண கிரீஸ் இல்லை.

3. ஆயில் பம்ப், ஃபில்டரில் முன்கூட்டியே ஆயில். ரேடியேட்டரில் தண்ணீர், கார்புரேட்டரில் பெட்ரோல், டைமிங் எல்லாம் தயார். சாவி திருப்பினால் உடனே பிடிக்க வேண்டும். சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் தடவிய பேஸ்ட் வழித்துக்கொண்டு போய்விடும். முதல் தடவை அந்தத் தப்பும் செய்திருந்தோம்.

4. பிடித்த உடனே 2,000 ஆர்.பி.எம். ஐடில் கிடையாது. 1,500க்கும் 2,500க்கும் நடுவே ஏற்றி இறக்கி இருபது நிமிஷம். அம்பாசடரில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லை. கப்பியில் ஸ்டிக்கர் ஒட்டி, கையடக்க டாக்கோமீட்டரால் பார்த்தோம். சூடு ஏறினால் நிறுத்தி, ஆறியதும் மிச்ச நிமிஷத்தை ஓட்டுங்கள்.

5. இருபது நிமிஷம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை. முதல் ஆயில் சும்மா கழுவிவிட்ட தண்ணீர் மாதிரி, அதில் போய் விலை பார்த்துக் கலங்காதீர்கள்.

6. ஆயில்: நாங்கள் போட்டது ஜிங்க் போதுமான அளவு இருந்த மினரல் 20டபிள்யூ-50. அது கிடைக்காத ஊரில், ஜாசோ எம்.ஏ. முத்திரை உள்ள டூவீலர் 4டி 20டபிள்யூ-40 ஆயிலைப் பாருங்கள், அந்தத் தரத்தில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 வரை இருக்க வேண்டும் என்று விதி. லாரிகளுக்கான 15டபிள்யூ-40 சி.ஐ-4 டீசல் ஆயிலைப் பலர் போடுகிறார்கள், அதற்கும் டேட்டா ஷீட் பார்த்துவிட்டு. தனியாக ஜிங்க் பாட்டில் வாங்கினால் சொன்ன அளவு மட்டும். ஜாஸ்தி போட்டால் ஜாஸ்தி நன்மை என்பது மருந்துக்கும் பொருந்தாது, இதற்கும் பொருந்தாது.

டின் விலை? முதல் தடவை நான் ஊற்றியது 3,200. இரண்டாவது தடவை 1,100. காமர்ஸ் படித்தவனுக்கு இந்தக் கணக்கு வலிக்கிறது. மூன்று மடங்கு கொடுத்து நாசத்தை வாங்கியிருக்கிறேன்.

உடனே "அப்போ அந்தக் காலத்து ஆயில்தான் எல்லாத்துக்கும் நல்லது" என்று கிளம்பாதீர்கள். அந்தக் கட்சியோடும் எனக்குச் சண்டை உண்டு. என் மனைவி ஓட்டுவது 2021 மாடல் பி.எஸ்.-6 கார். அதன் மேனுவல் மெல்லிய ஆயிலைத்தான் கேட்கிறது. அப்பா அதைப் பார்த்து, "தண்ணி மாதிரி இருக்கு, நம்ம 20-50 ஊத்து" என்றார். ஊற்றினால் குறுகலான ஆயில் பாதைகளில் ஓட்டம் மந்தமாகும், மைலேஜ் குறையும், அதிக பாஸ்பரஸ் போய் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அங்கே அப்பா சொன்னது தப்பு, மேனுவல் சொன்னது சரி. புது காரில் கேம் பழக்குவதெல்லாம் உங்கள் வேலையும் இல்லை. மேனுவலில் சொன்னபடி ஓட்டினால் போதும்.

நான் சண்டை போடுவது சிந்தடிக்கோடும் இல்லை, மினரலோடும் இல்லை. படிக்காமல் வாங்குகிற பழக்கத்தோடு. வெளியூரில் வாழும் நம்மிடம் இது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. ஊரில் விட்டுவிட்டு வந்ததற்கெல்லாம் விலை கூடினதை வாங்கி ஈடு கட்டப் பார்க்கிறோம். அப்பாவின் வண்டிக்கு நான் ஊற்றிய 3,200 ரூபாய் ஆயிலில் பாதி, அவரை விட்டு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குற்ற உணர்ச்சிதான். அவர் கேட்ட ஒரு கேள்வியை நின்று யோசித்திருந்தால் ஒரு பைசா செலவாகியிருக்காது.

உஸ்தாத் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தடவை போனதும் அவர் ஒர்க்ஷாப் வாசலில் நின்று கத்தினேன். ஆயில் வாங்கியது நான், ஐடிலில் விட்டு போட்டோ எடுக்கச் சொன்னது நான். பிறகு விஷயம் புரிந்து மன்னிப்புக் கேட்டேன். "சாப், நாற்பது வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன், அப்போது ஆயில் காப்பாற்றியது போல" என்றார். இந்த மொத்தப் பதிவையும் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

2023 ஏப்ரலில் இரண்டாவது ஸ்டார்ட். முதல் திருப்பிலேயே பிடித்தது. உஸ்தாத் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டார், நான் டாக்கோமீட்டரையும் கடிகாரத்தையும் பார்த்தேன். 2,000 ஆர்.பி.எம்.மில் கேம் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று, இருபது நிமிஷத்துக்கு இருபதாயிரம். கும்பகோணத்தில் அப்பா போனைக் காதில் வைத்து இருபது நிமிஷமும் கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை மட்டும் பேசினார்.

"ரேடியேட்டர்ல தண்ணி பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

வண்டி இப்போது பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, டாப்பெட் அசையவில்லை. அப்பாவுக்கு இனிமேல் அவ்வளவு தூரம் ரயிலில் வர முடியாது. வருகிற டிசம்பரில் நான்தான் வண்டியைக் கும்பகோணம் ஓட்டிக்கொண்டு போகப் போகிறேன். முன் சீட்டு அவருக்கு.

அண்ணாச்சி, இதைப் படித்தால் கோபப்படாதீர்கள். அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் காபி. வரும்போது உங்கள் வீட்டில் இருக்கிற ஆயில் டின்னைக் கொண்டு வாருங்கள், பின்பக்கத்தைச் சேர்ந்து படிப்போம்.